தெர்மல்: பொருளும் புழக்கமும்

மேட்டூரில் டவுன் பஸ் ஏறி “தெர்மல் ஒண்ணு” என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் சீட்டை நீட்டுவார். “மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ஒரு பயணச்சீட்டு” என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். பின்சீட்டுக்காரர் “தெர்மலுங்க” என்று உரை சொன்ன பிறகே வண்டி நகரும்.

இலக்கண வகையில் இச்சொல் எது? தஞ்சாவூர் தஞ்சையானது போல மரூஉ என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. அங்கே தேய்ந்தது ஒரே சொல்லின் வால். இங்கோ ‘பவர் ஸ்டேஷன்’ என்னும் பெயர்ச்சொல் முழுக்க ஓடிப்போய், வெறும் அடைமொழி வேற்றுமை உருபுகளோடும் விகுதிகளோடும் குடித்தனம் நடத்துகிறது: தெர்மலை, தெர்மலுக்கு, தெர்மல்காரர். ‘வெள்ளை அடித்தான்’ என்பதில் வெள்ளை சுண்ணாம்பைக் குறிப்பதுபோல இதுவும் பண்பாகுபெயர் என்பதே எம் துணிபு. குளிர்தேச ஆங்கிலேயரிடம் மட்டும் இதைப் பிரயோகிக்க வேண்டாம். அவர்களுக்குத் தெர்மல் என்றால் சட்டைக்குள் போடும் கம்பளி பனியன். “எட்டு மணி நேரம் தெர்மலுக்குள்ள இருந்தேன்” என்றால் அனுதாபப்படுவார்கள்.

அடைமொழி மட்டும் பிழைத்தது ஏன்? மேட்டூர் அணை திறந்தது 1934-இல். அதனடியில் தண்ணீரில் கரண்ட் எடுக்கும் பவர் ஹவுஸ் 1930-களிலேயே வந்துவிட்டது. 1987-இல் நிலக்கரி நிலையம் ஓடத் தொடங்கியபோது ‘பவர்’ ஏற்கெனவே ஆள் ஏறிய சீட்டு. புதியவருக்கு மிஞ்சியது ‘தெர்மல்’. கொள்கை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர்மின்சாரமே இல்லாத தூத்துக்குடியிலும் தெர்மல் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. இத்தகைய சான்றுகளைக் கண்டுகொள்ளாமல் மேலே செல்வது ஆய்வு மரபு.

இதன் உறவுக்காரர்களில் தெர்மாஸ் பிளாஸ்கு சாது. தெர்மாகோல்தான் பெயர் கெடுத்தது: 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமல் காக்க அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் அதன் அட்டைகளை மிதக்கவிட, காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியது. மேட்டூர் தெர்மலுக்கு இதில் சம்பந்தமில்லை. அது தன் ஊர் அணையிலிருந்து தண்ணீர் எடுத்து ஆவியாக்குகிற கட்சி.

210 மெகாவாட் அலகுகள் நான்கு, 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட் ஒன்று, ஆக 1,440 மெகாவாட் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம். ஆனால் சொல்லின் முழு அழுத்தத்தையும் அளக்க மெகாவாட் போதாது. பெண் பார்க்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

“மாப்ள தெர்மல்ல இருக்கறாருங்க.”

அடுத்து வரும் அமைதியில் பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைக்கிறார்.

“போர்டா, காண்ட்ராக்டுங்களா?”

பதிலைப் பொறுத்து கேசரி வரும், அல்லது ஜாதகம் பார்த்துச் சொல்வதாகத் தகவல் வரும். ‘போர்டு’ என்பது மின்வாரியத்தின் சுருக்கம். அதற்குத் தனிக் கட்டுரை தேவைப்படும்.