உப்புக்காற்றில் ஒரு காடிலாக்

ஏறத்தாழ 19 அடி நீளமும், இருவரிசையாகச் சாய்ந்து நிற்கும் எட்டு சிலிண்டர்களைக் கொண்டதால் ‘வி-8’ எனப்படும் 6.4 லிட்டர் எஞ்சினும், பின்புறம் மீன்துடுப்பாய் எழும் தகடுகளும் உடைய 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கை வாங்கி இராமேசுவரத்தில் நிறுத்த விழைபவர், பணத்தோடு ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்வது நலம். துரு தின்ற தகட்டைப் பசையால் நிரப்பிப் பெயின்ட் பூசும் ‘பட்டி’ வேலை நடந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எங்குமே ஒட்டாவிடில், தரகர் ‘சிங்கிள் ஓனர்’ என்று சத்தியம் செய்தாலும், விற்கப்படுவது காரன்று, பட்டியே எனத் தெளியலாம். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை கார்கள் ரயிலேறியே இத்தீவை அடைந்தன என்பதால், இத்தகைய வண்டிக்குப் பெட்ரோல் மிச்சமான ஒரே பயணம் அக்காலத்தோடு முடிந்துவிட்டது. எஞ்சிய பராமரிப்பை இருபுறக் கடலும் இலவசமாகவே ஏற்றுக்கொள்ளும்.