மருமவன் பாய்ப்படகு ஏறுறாராம்!

வாரும் மருமவனே, உக்காரும். மேனேஜர் தொல்லை தாங்கலைன்னு வேலையை விட்டுட்டு, கரீபியன் கடல்ல சொந்தப் பாய்ப்படகுல தீவு தீவாச் சுத்தப் போறீராமே? நல்ல காரியம். தூத்துக்குடித் தோணியில கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடுன தண்டல் நான். கப்பல்ல ஓடுற மகங்கிட்டயும் விசாரிச்சு வச்சிருக்கேன், கேளும்.

அங்க உமக்குப் புது மேனேஜர் நங்கூரம். ஆழம் மூணு பாகம்னா பதினஞ்சு பாகமாவது சங்கிலி விடணும். சிக்கனம் பாத்தீரோ, ராத்திரி காத்து திரும்பயில படகு நைசா இழுத்துக்கிட்டுப் போயி அடுத்தவன் படகுல முட்டும். நடுச்சாமத்துல, ஜட்டியோட, அணியத்துல நின்னு டார்ச் அடிச்சு வெள்ளைக்காரங்கிட்ட சாரி சொல்லணும். ஏசி ரூம் மீட்டிங்குக்கு அது எவ்வளவோ மேலுதான்.

பொறவு கக்கூஸ். சிரிக்காதேயும். கைப்பம்பு அடிச்சுத்தான் தள்ளணும். உப்புத்தண்ணியும் மூத்திரமும் சேந்து குழாய்க்குள்ள சுண்ணாம்பு கட்டிக்கிடும். அடைச்சா, கீபோர்டு தட்டுன அதே கைதான் உள்ள போவணும்.

கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா எல்லாம் தனித்தனி நாடு. போற எடத்துலயெல்லாம் மஞ்சக்கொடி ஏத்திட்டு, கரையேறி, பாஸ்போர்ட்டும் படகுக் காயிதமுமா வரிசையில நிக்கணும். கரையில ஒரு மரத்தடியில பச்சைப்பழம் உதுந்து கெடக்கும், குட்டி ஆப்பிள் கணக்கா. மான்சினீலுன்னு பேரு. கடிச்சா வாயி வெந்துரும். மழைக்கு அடியில ஒதுங்குனாலே, சொட்டுற தண்ணி பட்டு மேலு கொப்பளிக்கும். சில கடக்கரையில மரத்துல செவப்புப் பட்டை அடிச்சிருக்கானாம். செல்பிக்குத் தோதுன்னு சாஞ்சுக்கிடாதேயும்.

காத்து இருக்கே, அதுதான் முதலாளி. மார்கழியில இருந்து சித்திரை வரைக்கும் கிழக்கத்திக் காத்து சீரா வீசும், ராசாவாப் போவலாம். ஜூன் 1 தொட்டு நவம்பர் 30 முட்டும் புயல் காலம். அப்ப படகுக்காரன் பாதிப்பேரு தெக்க கிரெனடாவுக்கு ஒதுங்குவான், அங்க புயல் எட்டாதுன்னு. 2004-ல ஐவன் புயல் எட்டிச்சு. 2024 ஜூலை 1-ல பெரில் வந்து, அதே கிரெனடாவைச் சேந்த காரியாகூ தீவுச் சதுப்புக்காட்டுக்குள்ள பத்திரமாக் கட்டியிருந்த படகுகளைக் கவுத்துப் போட்டுட்டுப் போச்சு.

அதனால ஆடியில மட்டும் கெளம்பாதேயும். இதையே உம்ம ஆத்தா சொன்னா மூடநம்பிக்கைம்பீரு. இன்சூரன்ஸ்காரன் இங்கிலீசுல அச்சடிச்சு நீட்டுவான். பணமும் கட்டி, கையெழுத்தும் போட்டுக் குடுப்பீரு.