விடிலிக்கு எதுக்குலே கப்பலோட்டி?

வாலே பேராண்டி, இங்கன உக்காரு. மூணு வாரமா லேப்டாப்பும் கையுமா அலையுதியே, கருப்பட்டிக் கடை வெப்சைட்டு திறந்தாச்சா? இல்லயா? ‘பேக்கெண்டு எதுல எழுதணும்னு இன்னும் முடிவாகல’யா? சரிதான். தாலி வாங்கப் போனவன் தட்டான் சுத்தியலுக்கு விலை கேட்டுக்கிட்டு நின்ன கதை.

எனக்கு என்னலே தெரியும், நாலாங்கிளாசு. ஆனா திண்ணையில கெடக்கவனுக்குக் காது மட்டும் கெழடாகல. நீ போன்ல சேக்காளிட்ட ஒப்பிச்சதெல்லாம் எனக்கும் மனப்பாடம். வாங்க வாரவன் கண்ணுக்குத் தெரியுதது கடை. பின்னால பதநீர் காய்ச்சுத விடிலிய அவன் பாக்கப் போறதில்ல. ஆர்டரு எடுக்க, இருப்பைக் கழிக்க, கணக்கு எழுத, ரசீது போட, எல்லாம் அங்கனதான். அந்த விடிலிக்கு எந்த அடுப்புங்கதுதான உன் தலைவலி?

பிஎச்பின்னு சொன்னாலே மூஞ்சியச் சுளிக்க. ‘அது பழசு தாத்தா’ங்க. ஆமாலே, 1995ல வெளிய வந்தது, உனக்கு மூத்தது. லெர்டார்ஃபுன்னு ஒரு மனுசன் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிக்கிட்ட சாமான். 2004ல ஃபேஸ்புக்குக்காரன் அதுலதான் கடை விரிச்சான். விக்கிப்பீடியா இன்னைக்கும் அதுலதான் ஓடுது. நம்ம கருப்பட்டிக்கு மட்டும் அது பத்தாது, என்னா? அது சோலி பாக்குத விதம் எனக்குப் புடிச்சிருக்கு. ஆளு வந்தா எந்திரிக்கும், கேட்டதக் குடுக்கும், எல்லாத்தையும் மறந்துட்டுப் படுத்துரும். ஒருத்தனுக்குப் பரிமாறையில கொட்டிக் கவுத்தாலும் அடுத்தவனுக்குப் புது இலை.

ஆனா உனக்கு நோடு வேணும். 2009ல ரயன் டால் கொண்டாந்தது. முக்குக் கடை டீ மாஸ்டரப் பாத்திருக்கேல்லா, அதே கூறுதான். பால் காயுத வரைக்கும் அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்க மாட்டான். அதுக்குள்ள நாலு பேருட்ட ஆர்டரு கேட்ருவான். ஒத்த ஆளா அம்பது பேரச் சமாளிப்பான், கெட்டிக்காரன். அவனையே வடைக்கு மாவாட்டச் சொல்லிப்பாரு, அம்பது பேரும் வெறுங்கையோட நிக்கணும். கனத்த கணக்கு வேலைய அவன் தலையில கட்டக்கூடாதுன்னு நீதான் சொன்ன. அரட்டை, நேரலைக்கெல்லாம் அவன்தான் ராசா. நம்ம கடையில என்ன நேரலை? கலயத்துல பதநீர் சொட்டுததக் காட்டப் போறியா?

அந்த நோடுல அடுத்தவன் எழுதிவச்ச துண்டுகள வேற அள்ளி அள்ளிக் கோக்க. 2016ல ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுத் தன்னோட 11 வரியப் புடுங்கிட்டுப் போனான். எழுத்துக்கு இடப்பக்கம் எடம் விடுத 11 வரி! அதுக்கு எத்தன ஊர்ல எத்தன பேரு வேல நின்னுச்சு! அதக் கொண்டாந்த டாலே 2018ல மேடையேறி, நோடுல தான் வருத்தப்படுத விசயம் 10ன்னு எண்ணிச் சொன்னான். பெரிய மனுசன். நீ கணக்குப் பரீச்சையில கோட்ட விட்டதையே இன்னும் ஒத்துக்கல.

ஜாங்கோவ ஏம்லே ஒதுக்குத? அமெரிக்காவுல லாரன்ஸுன்னு ஒரு ஊரு, அங்க ஒரு பத்திரிகை ஆபீஸுல வளந்தது, 2005ல ஊருக்குப் பொதுவா விட்டாவ. செய்தி சாயங்காலத்துக்குள்ள ஏறணும், எழுதுதவனுக்கோ நிரல் தெரியாது. அதனால சரக்க ஏத்த, மாத்த, அழிக்க ஒரு பக்கம் அதுக்குள்ளயே தயாரா வருது. ஆனி முடிஞ்சு கருப்பட்டி விலை ஏறுனா உங்க அத்தையே மாத்திக்கிடுவா, நடுச்சாமத்துல உன்னய எழுப்ப மாட்டா. நீ காலேஜுல நாலு வருசம் படிச்ச பைத்தான்தான் அதுக்கும் பாஷை. தெரிஞ்ச பனையில ஏறவே வெக்கமா?

நேத்து என்னமோ ரஸ்ட்டுன்னு ஒரு பாஷையச் சொன்ன. துருதான அதுக்கு அர்த்தம்? நான் அம்பது வருசமா அரிவாள்ல அதத்தாம்லே தேய்ச்சு எடுக்கேன். அப்பறம் கூட்டங்கூட்டமா சர்வர மேய்க்குத குபர்நெட்டிஸ். கிரேக்கத்துல சுக்கான் புடிக்கவன்னு அர்த்தமாமே. தூத்துக்குடியில கப்பல் விட்ட வ.உ.சி.க்கே இங்கிலீஷ்காரன் குடுத்த பாடு தெரியும்லா. நாளைக்கு நாப்பது சிப்பம் விக்க நீ எதுக்குலே கப்பப்படை கட்டுத?

போன தடவ டவுன்லருந்து ஒருத்தன் வந்து செஞ்சு தந்தானே, ஞாவகம் இருக்கா? யாருக்கும் புரியாத எதுலயோ எழுதுனான். சொகுசாத்தான் இருந்துச்சு. தீவாளிக்கு முந்துன நாளு படுத்துருச்சு. அவன் துபாய்க்குப் போயிட்டான், கடவுச்சொல்லும் அவன்கூடவே பிளேன் ஏறிருச்சு. சந்தையில எத்தன பேருட்டயோ காட்டுனோம், தொட ஆளில்ல. நீயும் பெங்களூருக்குப் போறவன்தான. அதான் கேக்கேன், நீ எழுதப்போறதத் தொறந்து பாத்து ரிப்பேர் பண்ண நாசரேத்துலயோ திருச்செந்தூர்லயோ ஒரு பய இருக்கானா?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. மூடிவச்சிட்டு எந்திரி. நீ யோசிச்ச மூணு வாரத்துல உங்க அத்தை வாட்ஸ்அப்புலயே பதினாலு சிப்பம் வித்துட்டா. பார்சல் மேல விலாசம் எழுதணுமாம், உன் கையெழுத்துதான் நல்லாருக்குன்னா. பேனா ஜன்னல்ல இருக்கு பாரு.