ஜிம்மியின் செவியும் தெருவாரின் வாயும்

மனிதனுக்கு நோய் கண்டால், அவன் தன் உபாதைகளை ஆதியோடந்தமாக எடுத்துரைத்து, க்ஷேமம் விசாரிக்க வந்தவர்களையும் பாதி நோயாளிகளாக்கி அனுப்புகிற வல்லமை படைத்தவனாதலால், பிறருடைய அபிப்பிராயத்துக்கு அங்கே அதிக இடமிருப்பதில்லை. நாயின் விஷயம் வேறு. காதைச் சொறிவதும் தலையை உதறுவதுமன்றி வேறொரு வாக்குமூலம் கொடுக்க அறியாத அந்த ஜீவன் வியாதிப்பட்டுவிட்டால், அதன் சார்பில் பேசுவதற்குத் தெருவே திரண்டு வந்துவிடுகிறது.

எங்கள் ஜிம்மி, என் மைத்துனர் வடக்கே மாற்றலாகிப் போனபோது எங்கள் வசம் ஒப்புவித்துச் சென்ற காக்கர் ஸ்பானியல் ஜாதி நாய். கன்னத்தின் இருபுறமும் புரளுகின்ற நீண்ட செவிகளும், அவற்றின்மேல் சுருள்சுருளான ரோமமும் பார்ப்பதற்கு வெகு சோபிதம். ஆனால் இங்கிலாந்தின் குளிர்ந்த புதர்க்காடுகளில் பறவைகளைக் கிளப்பிவிடுவதற்கென்று வளர்க்கப்பட்ட அந்த இனத்தின் காதுகளைச் சென்னையின் ஐப்பசி மாதத்தை உத்தேசித்து யாரும் அமைக்கவில்லை. நாயின் செவிக்குழல் முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்பிச் செவிப்பறையை அடைகிறதென்பதும், அந்தத் திருப்பத்தில் ஈரம் தங்கிவிட்டால், மேலே கவிந்து கிடக்கும் செவிமடல் காற்றை விடாதென்பதும், அதுவரையில் தோலின்மீது பரம சாதுவாகக் குடியிருந்த மலசீசியா என்ற பூஞ்சை, அந்த வெதுவெதுப்பைக் கண்டு வம்சவிருத்தியில் இறங்கிவிடுமென்பதும் பின்னால் கால்நடை டாக்டர் அம்மாள் சொல்லி நாங்கள் அறிந்த விவரங்கள். முன்னால் நாங்கள் அறிந்ததெல்லாம், நாள்பட்ட தோசைமாவை நினைவூட்டும் ஒரு நாற்றமும், நள்ளிரவில் படபடவென்று காதுகள் அடித்துக்கொள்ளும் ஓசையுந்தான்.

1903-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்ட செய்தி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லையோ என்று ஐயுறும்படி ஆலோசனைகள் பொழிந்தன. "பட்ஸை விட்டு நன்றாகக் குடையுங்கள் ஸார், எல்லாம் வெளியே வந்துவிடும்" என்றார் எதிர்வீட்டு ரிடயர்டு தாசில்தார். பூண்டு போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெயைச் சூடாகக் காதில் விடவேண்டுமென்பது என் தாயாரின் சித்தாந்தம். வாலடியில் ரோமம் உதிர்ந்து சிவந்திருந்ததைப் பார்த்துவிட்ட பால்காரர், மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய என்ஜின் ஆயில் கொண்டுவந்து பூசுவதாகவும், அதற்குக் காசு வேண்டாமென்றும் சொன்னார். தினந்தோறும் நம் ஸ்நான சோப்பையே போட்டுக் குளிப்பாட்டினால் நாய்க்கு எந்த வியாதியும் வராதென்று மாடிவீட்டு அம்மாள் தீர்ப்பளித்தார். ஜிம்மி ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை.

நாங்கள் ஜிம்மியைக் கொண்டுபோய்க் காட்டியபோது இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட டாக்டர் அம்மாள், பட்ஸ் கொண்டு குடைந்தால் வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படும் அழுக்கே அதிகமென்றும், செவிப்பறை கிழியாமலிருக்கிறதாவென்று பாராமல் எதையும் காதில் ஊற்றலாகாதென்றும், பூசிய ஆயிலை நக்கித் தீர்ப்பது நாயின் சுபாவமாதலால் சொறி போகுமுன் நாய் போய்விடக்கூடுமென்றும், மனிதத் தோலுக்கென்று செய்த சோப்பு நாய்த்தோலுக்கு ஒவ்வாதென்றும், அன்றாட ஸ்நானத்தில் காதுக்குள் இறங்கும் தண்ணீரே பாதி விபரீதத்துக்குக் காரணமென்றும் சொல்லி, எங்கள் தெருவின் வைத்திய சாஸ்திரம் முழுவதையும் ஐந்தே நிமிஷத்தில் அழித்துவிட்டார். காதின் கசிவைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே அவர் மருந்தெழுதினார். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, செவிப்பேனுக்கு வேறொன்று என்று மருந்து மாறுமாம். காதைச் சுத்தம் செய்யும் திரவத்தை உள்ளே விட்டு, காதின் அடிப்பாகத்தை மெல்லப் பிசைந்து, நாயைத் தலை உதறவிட்டு, மேலே வந்ததைப் பஞ்சால் துடைப்பதே கிரமம். உதறும்போது விலகி நிற்கவேண்டுமென்ற உபவிதியை, வீட்டில் நடந்த பிரயோகத்தைக் கண்ணால் காண வந்த தாசில்தாரின் சலவை வேஷ்டி எங்களுக்குக் கற்பித்தது.

வாலடிச் சிவப்புக்கு வேறு காரணம் இருந்தது. டாக்டர் அம்மாள் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் அங்கே வாரி, உதிர்ந்த கரும்பொடியை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவிற்று. தெள்ளுப்பூச்சி குடித்துச் செரித்த ரத்தம் அது. அதன் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதுமாம், மேனி முழுதும் அரிப்பெடுப்பதற்கு. உலகெங்கும் நாய்களின்மேல் பெரும்பாலும் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற இனந்தானென்று அவர் சொல்லிவைக்க, அதை என் மனைவி தெருவில் சொல்லிவைக்க, எங்கள் தெருவில் பூனை வளர்ப்பவர் தாசில்தார் ஒருவரேயாதலால், இரு வீட்டாருக்குமிடையே பேச்சுவார்த்தை சில காலம் முறிந்திருந்தது.

இவை யாவும் சிறு துன்பங்கள். பெருந்துன்பம் டாக்டர் அம்மாள் கேட்ட கடைசிக் கேள்வியில் ஒளிந்திருந்தது. "நாய் எங்கே படுக்கிறது?" என்றார். "வராந்தாவில்" என்று நாங்கள் அனைவரும் ஏககாலத்தில் பதிலளித்தோம். நாயின்மேல் காண்பது தெள்ளுக் குடும்பத்தின் சிறு பகுதிதானென்றும், முட்டைகள் உடம்பில் ஒட்டாமல் நாய் படுத்த இடமெல்லாம் உதிருமென்றும், கூட்டுப்புழு பல வாரங்கள்கூட அசையாமல் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டவுடன் வெளியே துள்ளுமென்றும் விளக்கி, "நாய்க்கு எழுதியாகிவிட்டது; இனி வீட்டுக்கு எழுதுகிறேன்" என்று அவர் மற்றொரு சீட்டை எடுத்தார். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து, தரை இடுக்குகளைத் துப்புரவாக்கி, மெத்தைகளை அகற்றிப் பார்க்கும்படி விதி.

அப்படிப் பார்த்தபோது, நாயைக் கண்டால் பிரம்பெடுக்கும் என் தகப்பனாரின் சாய்வு நாற்காலியில், ஆசாரம் தவறாத என் தாயாரின் ஜமக்காளத்தில், என் மனைவியின் தலையணைக்கடியில், புழுக்கம் தாளாமல் மொட்டைமாடியில் படுப்பதாகச் சொல்லி வந்த என் மகனின் போர்வைக்குள், எங்கும் சுருள்சுருளாகப் பொன்னிற ரோமம் கிடந்தது. எவரும் எவரையும் ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய படுக்கையை நானே உதறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

ஜிம்மி இப்போது பூரண சௌக்கியம். யார் கேட்டாலும் அது வராந்தாவில்தான் படுக்கிறது. வாராவாரம் துவைக்கப்படுபவை மட்டும் வீட்டிலுள்ள மெத்தையுறைகள் அனைத்தும்.