டெசிபலும் ஓனர் காதும்

வாடகை வீட்டில் சத்தம் இரண்டு வகை. கீழே ஓனர் வீட்டில் கேட்பது குடும்பம் நடக்கிற சத்தம். மாடி போர்ஷனில் நாம் போடுவது அக்கிரமம்.

ஓனர் வீட்டு மோட்டார் விடியற்காலை நாலரைக்கே உறும ஆரம்பித்துவிடும். கேட்டால், "தண்ணி வர்ற நேரம் தம்பி." ஏழு மணிக்கு நம் மிக்ஸி ஒரு சுற்று சுற்றினால் போதும், கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு 'டொக் டொக்' என்று நம் தரையை இடிக்கும். அவர் பேரன் ஹாலில் பந்தடித்தால் வருங்கால இந்திய அணி. என் பையன் பந்தைக் கீழே போட்டால் சீலிங்கில் விரிசல்.

ஒருநாள் படியேறியே வந்துவிட்டார்.

"ராத்திரி நாற்காலியை இழுக்கிறீங்களே?"

"இல்லை சார், தூக்கித்தான் வெச்சேன்."

"அதான், வெச்ச சத்தம் கேட்டுது."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் சட்டம் படிக்க உட்கார்ந்தேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. அப்படியானால் ஓனரின் மோட்டார் ஓடுவது நட்டநடு ராத்திரி! துள்ளிக் குதிக்கப் போனேன். கீழே கேட்குமே என்று அடக்கிக்கொண்டேன். பிறகு போனில் ஒரு ஆப் இறக்கி மிக்ஸியை அளந்தேன். எண்பதைத் தாண்டியது. நல்லவேளை, அந்த 55 வட்டாரத்தின் சராசரிச் சத்தத்துக்குப் போட்ட கணக்கு, தேங்காய்ச் சட்னிக்குப் போட்டதல்ல.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்னும் தாராளம். வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, ஒப்பந்தப்படி நடந்தால், குடியிருப்பவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்கிறது அதன் 108-ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, ஓனர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது. ஒட்டடைக் கம்புக்கு இது பொருந்துமா என்று தெரிந்த வக்கீலைக் கேட்டேன். ஃபீஸ் வாங்காமல் சிரித்தார்.

அதே சட்டத்தில், பொதுத் தொல்லை தரும்படி வீட்டைப் பயன்படுத்துகிற குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல வழி இருக்கிறது. ஓனர் தொல்லை கொடுத்தால் அவரை அவர் வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்ல ஒரு பிரிவும் இல்லை. அட்டவணை வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. ஓனர் காதுக்கு டெசிபல் தெரியாது, தேதிதான் தெரியும். ஒன்றாம் தேதி வாடகை போட்டால் ஒரு வாரத்துக்கு என் மிக்ஸி ஊமை. பத்தாம் தேதி ஆகிவிட்டால் அப்பளம் நொறுங்குவதுகூடக் கீழே கேட்கும். அக்ரிமெண்ட் முடிகிற மாதமோ, நான் செருப்பைக் கழற்றினாலே இடி.

கடைசி ஆயுதமாக லண்டனிலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சதர்க் கவுன்சில் வீடுகளில் சுவர் வழியாக அக்கம்பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்கிறது என்று குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1999-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. ஒரு வீட்டில் மனிதர்கள் வழக்கம்போல் வாழ்கிற சத்தம் சட்டப்படி தொல்லை ஆகாது என்பது தீர்ப்பு.

ஓனர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயம்தான் தம்பி. வாழ்றது தப்பே இல்லை" என்றார். "அடுத்த மாசத்திலேர்ந்து ரெண்டாயிரம் சேர்த்துக் குடுத்துட்டு வாழுங்க."