மெல்லின மீட்பு: மூக்கு கழுவுதல் குறித்த ஓர் இலக்கண ஆராய்ச்சி

வல்லினம் நெஞ்சில் பிறக்கும், இடையினம் கழுத்தில் பிறக்கும், மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் இடம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வெகுகாலம் முன்பே தொல்காப்பியர், மெல்லெழுத்து ஆறும் மூக்கு வழிக் காற்றோடு கூடித்தான் பிறக்கும் என்று பிறப்பியலில் சொல்லிவைத்தார். இவற்றுக்கு உரை எழுதியவர்கள் பலர். உரைக்கு மறுப்பு எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்த மூக்கு அடைத்துக்கொண்டால் மெல்லினம் என்ன ஆகும் என்ற கேள்வியை எழுப்பியவர் இவ்வாய்வாளனின் கண்ணில் படவில்லை. உரையாசிரியர்கள் யாரும் மார்கழியில் ஏடு தொடவில்லை என்று கொள்வதே மரியாதை.

இடைவெளியை நிரப்ப வேண்டியது கடமை. ஆரம்பப் பள்ளியில் 'கங சஞ டண தந பம... றன' என்று ராகம் போட்டுப் படித்தோமே, அதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் பக்கத்தில் அதன் இன மெல்லெழுத்து உட்கார்ந்திருக்கிறது. ப, ம இரண்டுக்கும் உதடு சேர்வது ஒன்றுதான். காற்று மூக்கு வழியே போனால் ம, போகாவிட்டால் ப. ஆகவே சளி பிடித்தவன் இதே பாடத்தை ஒப்பித்தால் 'கக சச டட தத பப... றற' என்றுதான் வரும். பதினெட்டு மெய்யில் ஆறு காலி. அம்மாவைக் கூப்பிட்டால் அப்பா வருவார். பந்து கேட்டால் பத்து கிடைக்கும். மூக்கு என்ற சொல்லே 'பூக்கு' ஆகிவிடுவதால், நோயாளி தன் நோய் இருக்கும் இடத்தை வாயால் சொல்லவும் முடியாது. விரலால் தொட்டுக் காட்டத்தான் முடியும்.

இது ஏட்டளவுக் கருத்து அல்ல, களத்தில் கண்டது. சென்ற ஆண்டு தை மாதம் இவ்வாய்வாளன் தங்கை வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, எடுத்தது ஆறு வயது மருமகன். "மாமா பேசறேன்டா" என்றதும் பையன் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ பாபா பேசறார்" என்றான். "சாமியாரா? காசு கேட்டா இல்லேன்னு சொல்லிட்டு வை" என்ற தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது. அவளுக்குச் சளி இல்லை.

இங்கே பொதுமக்களிடம் வேரூன்றிய ஒரு பிழையைத் திருத்திவிட வேண்டும். சளி பிடித்தவனைப் பார்த்து "மூக்கால பேசறான்" என்கிறார்கள். உண்மை நேர் எதிர். அவனால் மூக்கால் பேச முடியவில்லை என்பதே அவன் சிக்கல். நல்ல உடம்போடு "நான் நாளைக்கு மாங்காய் வாங்கணும்" என்பவன்தான் முழுக்க முழுக்க மூக்கால் பேசுகிறான். அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆறு எழுத்திலும் பேரிழப்பு எது? ஆய்வின் உயிர்நிலை இதுதான். மெய்யெழுத்து தனித்து நின்று சொல்லாகாது என்பது விதி. இல்லறத்தில் இந்த விதி செல்லாது. "பால்காரனுக்குப் பணம் குடுத்தாச்சா?" "ம்." "எங்க சித்தப்பா பையன் கல்யாணத்துக்குப் போறோமில்ல?" "ம்." உதட்டை மூடி, முழு ஓசையையும் மூக்கு வழியே விட்டால் பிறப்பது இந்த 'ம்'. இதற்கு வாய் உதவாது. மற்ற மெல்லெழுத்துக்குப் பதிலாக ஒரு வல்லெழுத்தாவது கிடைக்கிறது. இதற்கு வாயும் மூடி, மூக்கும் மூடி, கிடைப்பது மௌனம். மெய்யின் அளவு அரை மாத்திரை; மகரக்குறுக்கத்தில் அது கால் மாத்திரையாகக் குறையும் என்று இலக்கணம் சொல்லும். அதுவும் குறைந்து சுழியமாகும் இடம் மூக்கடைப்பு. ஒரு வாரம் இப்படிப் போனது. "என்ன கோபம் இப்போ? வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க" என்று வீட்டில் கேட்டார்கள். வாயைத் திறப்பது அல்ல பிரச்சினை என்று விளக்கவும் மெல்லினம் வேண்டியிருந்தது.

மருத்துவர் அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தூக்கம் தரும் மாத்திரை. இழந்த அரை மாத்திரை அதில் கிடைக்கவில்லை.

இனி உறுப்பியல். "எனக்கு சைனஸ் இருக்கு" என்று தமிழர் சொல்வது, "எனக்கு முழங்கை இருக்கு" என்று சொல்வதற்கு ஒப்பாகும். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது; கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், அதற்கும் பின்னால் என்று நான்கு ஜோடி. எலும்புக்குள் காற்று நிரம்பிய வெற்றறைகள். அவை வீங்கி அடைத்துக்கொள்வதுதான் நோய். சித்த மருத்துவம் அதைப் பீனிசம் என்னும். கன்னத்து அறையை 1489இல் லியோனார்டோ டாவின்சி மண்டையோட்டை அறுத்து வரைந்து வைத்தார். 1651இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் அதை விரிவாக எழுதி, அறைக்குத் தன் பெயரையே வாங்கிக்கொண்டார். இருவருமே கட்டடக் குறையைக் கண்டித்ததாகத் தெரியவில்லை. குறை இது: கன்னத்து அறையின் வடிகால் துவாரம் தரைமட்டத்தில் இல்லை, மேலே கூரையை ஒட்டி இருக்கிறது. எந்தக் கொத்தனாராவது குளியலறைக்கு ஜலதாரையை விட்டத்தில் வைப்பாரா? வைத்தாகிவிட்டது. ஆகையால் அறைக்குள் ஊறும் சளியை நுண்ணிய மயிரிழைகள் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் அசைந்து மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. ஜலதோஷம் வந்தால் துவாரம் வீங்கி மூடும், மயிரிழைகள் சோர்ந்துவிடும், நீர் கோத்துக்கொள்ளும். குனிந்தால் தலை கனக்கும்.

மூக்கு கழுவ விடும் உப்புநீர் இங்கே செய்வது என்ன? பலர் நினைப்பதுபோல அது அறைகளுக்குள் புகுந்து அலம்பிவிட்டு வருவதில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத மூக்கில் அறைக்குள் போகும் நீர் மிகக் கொஞ்சம். அது கழுவுவது வாசலையும் தாழ்வாரத்தையும்தான்: கெட்டிச் சளி இளகும், தூசியும் மகரந்தமும் போகும், மயிரிழைகளுக்கு வேலை எளிதாகும். வாசல் துலங்கினால் உள்ளறை தானே மூச்சுவிடும்.

முன்னோர் இந்த உறுப்பைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. நோயணுகாவிதி பாடிய தேரையர், எமன் அண்டாதிருக்க வேண்டிய ஒழுக்கங்களில் ஒன்றாக, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்று மூக்குக்கு முறை வைத்தார். ஹடயோகப் பிரதீபிகையில் வரும் நேத்தி என்ற மூக்குச் சுத்தம், நீரால் அல்ல, நூலால். மூக்கில் விட்ட நூலை வாய்வழியே இழுக்க வேண்டும். இதைப் படித்த அன்று இவ்வாய்வாளனுக்குச் சளி தானாகவே குறைந்ததுபோல் இருந்தது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும் இஸ்லாமியர் மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துகிறார்கள். நம் பாட்டிமார் கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினார்களே, அதைமட்டும் முன்னோடி ஆய்வாகச் சேர்க்க முடியாது. எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கிப் படுத்தும் என்று குழந்தை மருத்துவர்கள் கெஞ்சுகிறார்கள்.

மூக்குத் துவாரம் இரண்டும் முறைவைத்து வேலை செய்வதை ஜெர்மானியரான ரிச்சர்ட் கைசர் 1895இல் எழுதினார். நம்மவர் அதைச் சரம் என்பார்கள். திருமந்திரத்தில் இதற்குக் கிழமை அட்டவணையே உண்டு: திங்கள், புதன், வெள்ளி இடப்பக்கம், ஞாயிறு, செவ்வாய், சனி வலப்பக்கம், வியாழன் மட்டும் வளர்பிறைக்கு ஒன்று, தேய்பிறைக்கு ஒன்று. இவ்வாய்வாளன் ஏழு நாளும் பார்த்தான். ஏழு நாளும் விடுமுறை.

மாற்றுக் கட்சிகள் வீட்டுக்குள்ளேயே நான்கு உண்டு. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும் கட்சி, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகையை முகரும் கட்சி, சுக்குப் பற்றுக் கட்சி, "தலையைச் சரியாத் துவட்டலை, அதான்" என்னும் ஒற்றைக் காரணக் கட்சி. கடைசியதை யாரும் வாதத்தில் வென்றதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து ஐந்தாவது. போட்ட நிமிடத்தில் மூக்கு திறக்கும். தொடர்ந்து போட்டால் சில நாளிலேயே அந்த மருந்தில்லாமல் திறக்க மாட்டேன் என்று மூக்கு அடம் பிடிக்கும். லஞ்சம் கொடுத்துப் பழக்கிய வாயிற்காவலன் மாதிரி.

கருவிக்கு வருவோம். நேத்திக் குவளை என்று விற்கிறார்கள். நீண்ட மூக்கு வைத்த சின்னக் கெண்டி. அமுக்கிப் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டிலும் உண்டு. பார்த்தவுடன் இவ்வாய்வாளனின் அம்மா, "இது பாலாடை மாதிரின்னா இருக்கு, குழந்தைக்குப் புகட்டறது" என்றாள். அம்மாவின் ஒப்பியல் சரியானது. இரண்டிலும் எதிர்ப்பவன் வாயைத் திறந்து அழுகிறான்.

உப்பு. உடம்பின் நீரில் உள்ள அளவே இதிலும் இருக்க வேண்டும்: லிட்டருக்கு ஒன்பது கிராம். கால் லிட்டருக்கு இரண்டே கால் கிராம். தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. உப்பே இல்லாத நீர் மூக்கின் செல்களுக்குள் புகுந்து ஊதவைக்கும். ஆற்றில் முங்கும்போது சுரீரென்று உச்சிவரை ஏறுமே, அதுதான். அதிகமானாலும் எரியும், கடல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. கல்லுப்பைக் கரண்டியில் அளக்கக் கூடாது, பரல்களுக்கு நடுவில் காற்று நிற்கும். கடைகளில் அளந்து கட்டிய பொட்டலமே கிடைக்கிறது. ஆனால் அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணீர் மாதிரி இருக்கணும்" என்றாள். கண்ணீரின் உப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆய்வகத் தராசு தோற்றது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இக்கட்டுரை சிரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. வெதுவெதுப்பான நன்னீரில் நேக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வாழும். அது உண்டாக்கும் மூளைநோயை ஆஸ்திரேலியாவில் ஃபௌலரும் கார்ட்டரும் 1965இல் முதலில் விவரித்தார்கள். அந்த அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால், வாசனை நரம்பு நுழையும் சல்லடை எலும்பு வழியாக மூளைக்குப் போய்விடும், பிழைப்பவர் அரிது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே குவளையில் ஊற்றி மூக்கு கழுவிய இருவர் இறந்தார்கள். 2024இல் கேரளத்தில் நீர்நிலைகளில் குளித்த குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். அரைக் கரண்டி உப்பை நம்பி இதை விட முடியாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆற வேண்டும். கேன் தண்ணீரும் கொதிக்கத்தான் வேண்டும். குவளையையும் கழுவிக் காயவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் முழுதாக அடைத்திருந்தாலோ, காது வலித்தாலோ, இந்த வேலை வேண்டாம். கண்ணைச் சுற்றி வீங்கினாலும் பார்வை மங்கினாலும் குவளையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பரிசோதனை வாஷ்பேசினில் நடந்தது. குனிந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மேலே இருக்கும் துவாரத்தில் குவளையின் மூக்கை வைத்து ஊற்றினால், கீழ்த் துவாரத்தில் நீர் வரும். வாயைத் திறந்து வாயால் மூச்சுவிட வேண்டும். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. 'ஆ' என்று உயிர் ஒலிக்கும்போது உள்நாக்கோடு பின்னண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்வாசலைச் சாத்திவிடும். நீர் தொண்டைக்கு வராது. மெல்லினம் ஒலித்தால் அண்ணம் இறங்கிக் கதவு திறந்துவிடும். ஆகவே ஊற்றும்போது மனத்தில் உயிரெழுத்து மட்டுமே இருக்க வேண்டும்.

முதல் நாள் வலப்பக்கம் பாதி போய்க்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து, "ஏங்க, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?" என்று குரல் வந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். உதடு தானே மூடியது, அண்ணம் தானே இறங்கியது. வரவேண்டிய 'ம்' வரவில்லை. நூறு மில்லி உப்புநீர் புரையேறியது. கோட்பாடு இவ்வாறு எதிர்மறையாக நிறுவப்பட்டது.

இன்னொரு கண்டுபிடிப்பு தற்செயலானது. கழுவி முடித்ததும் குனிந்து நின்று, இரண்டு துவாரத்தையும் மூடாமல், மெல்லச் சிந்த வேண்டும். ஒன்றைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். அவசரத்தில் அரைகுறையாகச் சிந்தினால் மிச்சம் உள்ளே தங்கி, தான் விரும்பிய வேளையில் வெளியே வரும். அன்று ஒரு புதுமனைப் புகுவிழா. பெரியப்பாவை நமஸ்கரிக்கக் குனிந்தபோது அவர் பாதத்தில் நாலைந்து சொட்டு விழுந்தது. பெரியப்பா நெகிழ்ந்துபோனார். "எதுக்குடா அழறே? நன்னா இருப்பே" என்று தோளைத் தொட்டுத் தூக்கினார். உப்பின் அளவு சரியாக இருந்ததால் இவ்வாய்வாளன் மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆறு எழுத்தும் திரும்பின. 'ஙஞண நமன' என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததில் ஞகரம் மட்டும் கொஞ்சம் தயங்கியது. அது எப்போதுமே அதிகம் புழங்காத எழுத்து. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து ஏதோ கேள்வி வந்தது. முழுதாகக் காதில் விழவில்லை. ஆனாலும் வாயும் மூக்கும் ஒருசேர, தெளிவாக, கணீரென்று, அரை மாத்திரை சுத்தமாக, "ம்" என்றது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதாகத்தான் அந்த 'ம்'மாம். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், பதிலே வரவில்லையாம். ஏணியும் தேய்ப்பானும் ப்ளீச்சிங் பவுடரும் தயாராக இருந்தன. தொட்டிக்குள் இறங்கியபோது மேலேயிருந்து, "மூலையெல்லாம் நல்லாத் தேய்ங்க" என்று சொன்னார்கள்.

"ம்."