போதும், நிறுத்துங்கள்!

கேள்வி: யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டிய கதை அளவும் நீளமுமாக இழுத்துக்கொண்டே போகிறதே! அதில் இன்றைய கிறிஸ்தவர்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: 36-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். வேலைக்குத் தேவையானதைவிடக் காணிக்கை மிஞ்சிவிட்டது என்று கைவினைஞர்களே வந்து சொல்ல, இனி யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்கிறார் மோசே. கட்டட நிதிக்கு இப்படியோர் அறிவிப்பை உங்கள் சபையில் கேட்டதுண்டா?

இத்தனைக்கும் நாலு அதிகாரத்துக்கு முன்புதான் இதே ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துக் கன்றுக்குட்டி வார்த்தார்கள். அந்தக் கைகளின் காணிக்கையைக் கடவுள் தள்ளவில்லை. பெண்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடியையே கொடுத்தார்கள். ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டி அதில் உருவானது. (ஆண்கள் கொடுத்த எதையும்விட இது பெரிது என்பது என் கட்சி.)

எனக்கு ரொம்பப் பிடித்தது 38-ஆம் அதிகாரம். பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று தொடங்கி வரிசையாகக் கணக்கு. பொறுப்பு, ஆரோனின் மகன் இத்தாமாருக்கு. வெள்ளியில் 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிக்கும் பூணுக்கும் போனதுவரை எழுதியிருக்கிறது. ஞாயிறு வாசிப்புக்கு இந்த அதிகாரத்தைச் சிபாரிசு செய்து பாருங்கள். பொருளாளருக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வரும்!